அப்பாவின் வலது கையைப் பற்றி அண்ணனுக்கு

அப்பா கையைத் தொங்கவிட்டபோது விரல்கள் மூடியிருந்தன. நான் முதலில் கவனித்தது அதைத்தான், அண்ணா. தோள் ஆபரேஷன் முடிந்து மூன்றாவது வாரம் அது. உன் பழைய படிப்பு மேசையில் இடது கையை ஊன்றி, இடுப்பை வளைத்துக் குனிந்து, வலது கையைத் தரையைப் பார்க்கத் தொங்கவிட வேண்டும். கை தன்னுடையதே இல்லை என்பது போல் விட்டுவிட்டு உடம்பை மட்டும் மெல்ல ஆட்டினால், கை தானாக முன்னும் பின்னும் ஆடும். ஆஸ்பத்திரியில் பயிற்சி சொல்லிக்கொடுக்கும் அக்கா அப்படித்தான் செய்துகாட்டினார். அப்பா குனிந்தார். உடம்பு ஆடியது. கை ஆடவில்லை. கீழே பார்த்தேன். நான்கு விரல்களும் உள்ளங்கைக்குள் மடங்கி, கட்டைவிரல் அவற்றின் மேல் அழுந்தி, நகம் வெளுத்துப் போயிருந்தது. கைக்குள் ஒன்றும் இல்லை.

இதோடு இருக்கும் முதல் தாள் அப்பா சொல்லச் சொல்ல நான் எழுதியது. இது இரண்டாவது தாள். இதை நான் எழுதுவது அப்பாவுக்குத் தெரியாது. எதிர்வீட்டு அக்காவின் வீட்டுக்காரர் வியாழக்கிழமை தோஹாவுக்குத் திரும்புகிறார். உனக்கு அம்மா கட்டிக்கொடுக்கும் நெத்திலிக் கருவாட்டுப் பொட்டலத்தில் இரண்டு தாளையும் சேர்த்தே வைக்கப் போகிறேன். கருவாட்டு வாசம் ஏறியிருந்தால் மன்னித்துக்கொள்.

முதல் தாளில் அப்பா சொன்னது கொஞ்சம்தான். தன் கை நன்றாகத் தேறிவிட்டதாம். தட்டை அவரே எடுத்துச் சாப்பிடுகிறாராம். நீ வேலையை விட்டுவிட்டு வர வேண்டாமாம், படகைப் பார்த்துக்கொள்ள அவர் இருக்கிறாராம். வெயிலில் தலையில் துணி போட்டுக்கொள்ள வேண்டுமாம். அதற்குப் பிறகு ஒரு வரி வருகிறது, நீ படித்துவிட்டு இது என்ன என்று யோசித்திருப்பாய். உன் வேலை இடத்தில் யாராவது எண்ணெய்க் கையோடு ஏணியில் ஏறினால், துடைத்துவிட்டு ஏறச் சொல், நீயும் துடைத்துக்கொண்டு ஏறு, மறக்காதே. அதை அவர் மூன்று முறை சொன்னார். "எழுதிட்டியா?" என்றார். எழுதிட்டேன்பா என்றேன். "படி" என்றார். படித்தேன். "இன்னொரு தடவ படி." அந்தத் தாளில் முழு உண்மை அந்த எண்ணெய் வரி மட்டும்தான், அண்ணா. மற்றதெல்லாம் நீ நிம்மதியாக இருப்பதற்காகச் சொன்னது.

நான் பேசமாட்டேன் என்று உனக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை நீ கூப்பிடும்போது அம்மா போனை என் காதில் வைத்தால் 'ம்' என்பேன், இன்னொரு 'ம்' என்பேன், அதற்குள் உனக்கு வேலைக்கு நேரமாகிவிடும். பள்ளியிலும் அப்படித்தான் இருந்தேன். பதினொன்றாம் வகுப்பைப் பாதியில் விட்டபோது ஒரு டீச்சர் மட்டும் காரணம் கேட்டார், அவருக்கும் நான் பதில் சொல்லவில்லை. அம்மா மீன் கூடையோடு வரிச்சிக்குடிப் பக்கம் போனால்தான் வீடு நடக்கும். அப்பாவுக்குச் சட்டை போட்டுவிடவும், தலையில் தண்ணீர் ஊற்றவும், சாய்வு நாற்காலியில் தூங்குகிறவர் தோள் சரியாமல் தலையணை வைக்கவும் ஒருவர் வேண்டும். நீ அதற்காக அம்மாவிடம் கோபப்பட்டாய். என்னை யாரும் நிறுத்தவில்லை. பேச வேண்டாத ஒரு வேலை கிடைத்ததே என்று நானே நின்றுகொண்டேன். அது சரியா தவறா என்று இன்னும் தெரியவில்லை. ஆனால் பேசாமல் இருப்பவளுக்கு நிறையக் கண்ணில் படும். அதனால்தான் இவ்வளவு நீளம் எழுதுகிறேன்.

ஆபரேஷன் நன்றாகத்தான் நடந்தது. அதில் சந்தேகப்படாதே. தோளில் சின்னச் சின்னதாக ஓட்டை போட்டு, அறுந்து உள்ளே சுருண்டுபோயிருந்த ஜவ்வை இழுத்து, எலும்பில் ஆணி மாதிரி ஒன்றை வைத்து நூலால் கட்டியிருப்பதாக டாக்டர் சொன்னார். அப்பா உடனே, "வல பொத்துற மாதிரின்னு சொல்லுங்க. எத்தன கண்ணு கிழிஞ்சிருந்திச்சு?" என்று கேட்டார். டாக்டர் சிரித்துவிட்டார். "பெரிய கிழிசல்தாங்க. நாங்க பொத்திட்டோம். இனிமே நீங்கதான் பாத்துக்கணும். ஆறு வாரம் கையத் தாங்குற பெல்ட்டு போடுங்க. பொறவு கழட்டிட்டு, சொன்ன பயிற்சிய ஒரு நாளும் விடாம செய்யணும். பெல்ட்டு போட்டே வச்சிருந்தா தோள் இறுகிப் போயிரும்" என்றார். நானும் பக்கத்தில்தான் நின்றேன். அப்பா நன்றாகத் தலையாட்டினார்.

மூன்றாவது வாரத்தில் தொங்கவிடும் பயிற்சி தொடங்கியது என்றேன் அல்லவா. அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போனபோது அந்த அக்காவும் விரல்களைப் பார்த்தார். "ஐயா, கைய விட்டுடுங்க" என்றார். "விட்டுட்டேம்மா" என்றார் அப்பா. "விடலிங்க. புடிச்சிருக்கீங்க." "இங்க எதப் புடிக்கிறது, காத்தயா?" என்று அப்பா சிரித்தார். அக்காவும் சிரித்துக்கொண்டே விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டார். பிரித்து முடித்து அவர் நகர்ந்ததும் விரல்கள் மறுபடி மூடிக்கொண்டன. அப்பாவின் முகத்தில் தண்ணீர் தெளித்தது போல் வியர்த்திருந்தது. வலி என்று அக்கா நினைத்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன். வீட்டுக்கு வந்த பிறகு, நான் அடுப்படியில் இருக்கும்போது செய்துவிட்டதாகச் சொல்வார். எத்தனை தடவை என்று கேட்டால் இருபது என்பார். எப்போது கேட்டாலும் இருபதுதான்.

என் தப்பு ஒன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும். ஆறு வாரத்துக்குப் பிறகு சுவரில் விரலை ஏற்றும் பயிற்சி வந்தது. சுவருக்கு எதிரே நின்று, எறும்பு ஊர்வது போல் விரல்களால் மேலே மேலே போக வேண்டும். எட்டிய இடத்தில் நான் பென்சிலால் ஒரு கோடு போடுவேன். சுவிட்ச் பலகைதான் நாம் வைத்த குறி, உனக்கு நினைவிருக்கும். போனில் முதலில் அதைத்தான் கேட்பாய். கோடுகள் எல்லாம் ஜன்னல் கட்டைக்குக் கீழேயே ஒன்றன் மேல் ஒன்றாகக் குவிந்து கிடந்தன. ஒரு வெள்ளிக்கிழமை நீ படம் கேட்டபோது அப்பா, "கொஞ்சம் மேல தள்ளிப் போடு பாப்பா, அண்ணன் சந்தோசப்படுவான்" என்றார். நான் ஒரு சாண் மேலே போட்டுப் படம் எடுத்து அனுப்பினேன். நீ கட்டைவிரலை உயர்த்திய படத்தைப் பதிலாக அனுப்பினாய். அதற்குப் பிறகு மூன்று வாரமும் பொய்க் கோடுதான் உனக்கு வந்தது. அந்தக் கோட்டைப் போட்டது நான். அதை அழிக்கவும் இல்லை. சாப்பிடும்போதெல்லாம் கண்ணுக்கு எதிரேதான் இருக்கிறது.

இன்னொன்று பெல்ட்டு. ஆறு வாரம் முடிந்ததும் கழற்றிவிட்டார், ஆனால் வீட்டுக்குள் மட்டும். டீக்கடைக்குப் போகும்போது சுவர் ஆணியிலிருந்து எடுத்து மாட்டிக்கொள்வார். கூட்டத்தில் யாராவது இடித்துவிடுவார்கள் என்பார். ஏலம் நடக்கும் நேரமானால் சரி, மற்ற நேரத்தில் நம் தெருவில் இடிப்பதற்கு யார் இருக்கிறார்கள்? ஒருநாள் பின்னாலேயே போனேன், தண்ணீர்க் குடத்தோடு, சும்மா போவது போல். டீக்கடைக்கு நேர்வழி இருக்கிறது. அவர் செல்வி அத்தை வீட்டைச் சுற்றிக்கொண்டு போனார். அந்த வாசல் நெருங்கும்போது நடை குறைந்தது. இடது கையால் பெல்ட்டைத் தொட்டுச் சரிசெய்துகொண்டார். வாசலைத் தாண்டியதும் மறுபடி வேகம் வந்துவிட்டது. திரும்பி வரும்போதும் அப்படியேதான்.

செல்வி அத்தை நம் மாமாவின் மனைவி என்பதை உனக்குச் சொல்லத் தேவையில்லை. மாமா போனதைப் பற்றி ஊரில் என்ன சொல்கிறார்கள் என்பதும் உனக்குத் தெரியும். முகத்துவாரத்தில் அலை தூக்கியபோது மாமா தண்ணீரில் விழுந்தார், தோள் கிழிகிற வரைக்கும் அப்பா பிடித்திருந்தார், மனுஷனால் அதற்கு மேல் என்ன செய்ய முடியும். மண்டபத்தூர்க் கரையில் மாமாவின் உடல் ஒதுங்கிய அன்றிலிருந்து இதே பேச்சுதான். நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் அப்பா குனிந்துகொள்வார். அடக்கமாக இருக்கிறார் என்று நினைத்திருந்தேன்.

போன வாரம் டாக்டர் கையைத் தூக்கிப் பார்த்தார். மார்பு வரைக்கும் வந்தது, அதற்கு மேல் தோள்பட்டை முழுசாகச் சேர்ந்து எழும்பியது. டாக்டரின் முகம் மாறிவிட்டது. "என்னங்க இது? பயிற்சி செய்றீங்களா இல்லியா?" "செய்றேங்க." "பொண்ணே, அப்பா செய்றாரா?" நான் தரையைப் பார்த்தேன். டாக்டர் ஒரு மாதம் தவணை கொடுத்தார். அதற்குள் கை தோள் உயரத்துக்கு வராவிட்டால், மயக்க மருந்து கொடுத்து அவர்களே தூக்கி இறுக்கத்தை உடைக்க வேண்டியிருக்குமாம். அப்படி உடைக்கும்போது கட்டியது பிய்ந்தாலும் பிய்ந்துவிடுமாம். பிய்ந்தால் மறுபடி கட்டுவது கஷ்டமாம். பிறகு வலை இழுப்பதை மறந்துவிட வேண்டியதுதானாம்.

திரும்பி வரும் பஸ்ஸில் மீன் விற்றுவிட்டு வரும் பெண்கள் இருந்தார்கள். காலிக் கூடையை மடியில் வைத்திருந்த ஒருவர், "என்ன மச்சான், இந்தப் புள்ள எப்பத்தான் தொட்டில வுட்டு எறங்கும்?" என்று பெல்ட்டைக் காட்டிக் கேட்டார். "பல்லு மொளைக்கட்டும்னு பாக்குறேன்" என்றார் அப்பா. "மொளைச்சா கடிக்கும், இப்பவே எறக்கி வுடு." பஸ்ஸே சிரித்தது. அப்பாவும் சிரித்தார். டாக்டர் சொன்னது அவர் காதில் விழுந்த மாதிரியே இல்லை. நம் தெரு முனையில் இறங்கியதும் பெல்ட்டை இன்னும் கொஞ்சம் இறுக்கிக்கொண்டு, என்னை முன்னால் போகச் சொல்லிவிட்டு, அத்தை வீட்டுப் பக்கம் திரும்பினார்.

நீ வேலையை விட்டுவிட்டு வருவதாகச் சொன்னது அதற்கு அடுத்த நாள். நீ போன பிறகு உன் இடத்தில்தான் மாமா படகேறினார் என்று சொல்லி அழுதாய். நான் இருந்திருந்தால் மாமா இருந்திருப்பார் என்றாய். போன் ஸ்பீக்கரில் இருந்தது. அப்பா கேட்டுக்கொண்டே இருந்தார். மறுநாள் காலையில்தான் நோட்டும் பேனாவும் எடுத்து வரச் சொன்னார். முதல் தாள் அப்படித்தான் உண்டானது.

எழுதி முடித்ததும் நான் கேட்டேன். அவரிடம் நான் எதையும் திருப்பிக் கேட்பதில்லை. அன்றைக்கு எப்படியோ கேட்டுவிட்டேன். "ஏம்பா எண்ணெ?"

அப்பா சுவரில் இருந்த பொய்க் கோட்டைப் பார்த்தார். பிறகு சொன்னார். அவர் சொன்னபடியே எழுதுகிறேன், உனக்கு அவர் குரலில் கேட்கட்டும் என்று.

"அன்னிக்கு வரும்போது என்ஜின் மக்கர் பண்ணிச்சு. உங்க மாமந்தான் கழட்டி மாட்டுனான். மொழங்கை வரைக்கும் எண்ணெ. தொடைடான்னு சொல்லணும்னு நெனச்சேன், கரைதான் தெரியுதே, போய்த் தொடைச்சுக்கட்டும்னு வுட்டுட்டேன். முகத்துவாரத்துல மொத அலை தூக்குனதும் அவன் வெளில போயிட்டான். நான் இடது கையால படகு வெளிம்பப் புடிச்சிக்கிட்டு, குனிஞ்சு, சோத்துக் கையால அவன் மணிக்கட்டப் புடிச்சேன். இந்த மேசையில குனியிறேன்ல, இதே மாதிரி. இதே குனிவு. கை கீழ தொங்குது, கீழ அவன் மூஞ்சி."

அவர் இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"'மச்சான்'ன்னான். அவ்வளவுதான் சொன்னான். ரெண்டாவது அலைக்கு என் இடது கை வெளிம்ப வுட்டுடும்போல ஆயிட்டு. வுட்டா நானும் போவேன். அப்ப ஒரு நெனப்பு வந்திச்சு பாப்பா. உன் நெனப்பு, அண்ணன் நெனப்பு, உங்கம்மா நெனப்பு. ஒரு இமைக்கிற நேரந்தான். துணி கிழியிற மாதிரி ஒரு சத்தம் கேட்டுச்சு. பாத்தா கையில ஆளில்ல. அந்தச் சத்தம் அவன் கை போறதுக்கு முன்னாடி வந்திச்சா, போன பொறவு வந்திச்சா, எனக்குத் தெரியல. ஜவ்வு கிழிஞ்சு போனானா, எண்ணெயில வழுக்கிப் போனானா, நானே வுட்டேனா. மூணுல எதுன்னு எனக்கே தெரியல. குனிஞ்சா அந்த மூஞ்சி வருது. நான் எங்கேருந்து கைய வுடறது?"

அவரே தொடர்ந்தார். "கை இப்படியே கெடந்தா, ஜவ்வுதான் கிழிஞ்சுதுன்னு இருக்கும். செல்வியும் பாக்குறா, எங்கண்ணனுக்குக் கையே போச்சுன்னு நெனைச்சுக்குவா. இது தேறி, நான் ரெண்டு கையையும் வீசிக்கிட்டு அவ வாசல்ல போனா? இவ்வளவு நல்ல கைதானே, அன்னிக்கு எங்க போச்சுன்னு கேக்க மாட்டாளா?" பிறகு, "இத எழுதாத" என்றார்.

எழுதிவிட்டேன். அப்பா சொல்லை நான் தட்டியது இதுதான் முதல் தடவை. உன் இடத்தில் மாமா ஏறினார் என்று நீ அங்கே உட்கார்ந்து உன்னையே அடித்துக்கொள்கிறாய். அவர் இங்கே மேசையில் குனிந்து தன்னையே அடித்துக்கொள்கிறார். இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் சொல்லாமல், கை தேறிவிட்டது, நான் வருகிறேன், வராதே என்று மட்டும் பேசிக்கொள்கிறீர்கள். நடுவில் போனைப் பிடித்துக்கொண்டு நிற்பது நான்.

இன்று காலை, அம்மா கூடையோடு கிளம்பிய பிறகு, செல்வி அத்தை வீட்டுக்குப் போனேன். எதற்குப் போகிறேன் என்று எனக்கே தெரியாது. அத்தை வாசலில் சாக்கு விரித்துக் காரப்பொடி மீனைக் காயப்போட்டுக்கொண்டிருந்தார். "ஏ பாப்பா, வா. என்ன, வாயத் தொறக்காத ஆளு வாசல் ஏறி வந்திருக்கு? மழ வரப்போவுது, கருவாட்ட அள்ளணும்போல" என்றார். நான் சாக்கின் ஓரத்தில் உட்கார்ந்து மீனைப் பரப்பினேன். கொஞ்ச நேரம் கழித்து, "அப்பா கை தேறல அத்த" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். அப்பா சொன்னது எதையும் சொல்லவில்லை.

அத்தையின் கை நின்றது. "எப்படித் தேறும்? அந்த நீலப் பெல்ட்டப் போட்டுக்கிட்டே திரிஞ்சா?" என்றார். "டாக்டரு கழட்டச் சொல்லிட்டாருன்னு உங்கம்மா சொல்லிச்சு. அப்பறம் என்னாத்துக்கு அது? காலையில ஒரு தடவ, சாயங்காலம் ஒரு தடவ, டீக்கடைக்கு என் வாசல் வழியாத்தான் போவாரா எங்கண்ணன்? வேற வழி இல்லியா? அதப் பாத்தா எனக்கு என்னா தோணுது தெரியுமா? உங்க மாமன் இன்னும் அந்தக் கையில தொங்கிக்கிட்டே இருக்குற மாதிரி இருக்கு. தெனம் ரெண்டு தடவ. நான் எப்பத்தான் அவர எறக்கி வைக்கிறது?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. அத்தை அழவில்லை. முந்தானையால் என் முகத்தைத் துடைத்துவிட்டார், மீன் வாடையோடு. "அப்பா மேல ஒங்களுக்குக் கோவமா அத்த?" என்று கேட்டேன். எங்கிருந்துதான் அந்தக் கேள்வி வந்ததோ.

"இருக்கு. ஏன் இல்லாம? கடல் மேல இருக்கு, அந்தப் பாழாப்போன என்ஜின் மேல இருக்கு, உங்கப்பா மேலயும் இருக்கு. செத்துப் போனாரே அவரு மேலயே இருக்கு. அது எங்கிட்ட இருந்துட்டுப் போவட்டும். அதுக்கும் உங்கப்பா கைக்கும் என்னா? அது நொண்டியாக் கெடந்தா என் கோவம் போயிருமா? கழட்டிப் போட்டுட்டு வெறுங்கையோட வரச் சொல்லு. வீசிக்கிட்டு வரச் சொல்லு. வந்தா டீத்தண்ணி குடுப்பேன், இல்ல திட்டுவேன், அன்னிக்கு என்னா வருதோ அது." பிறகு மறுபடி மீனைப் பரப்ப ஆரம்பித்துவிட்டார்.

அண்ணா, உனக்கு யோசனை சொல்கிற வயது எனக்கு இல்லை. ஆனால் அப்பா சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விட்டதால் நான் சொல்கிறேன். மாமா உன் இடத்தில் ஏறியதற்காக நீ வராதே. அதற்காக வந்தால் நீயும் ஒரு பெல்ட்டை மாட்டிக்கொண்டுதான் இந்தத் தெருவில் நடப்பாய். படகு வேண்டும் என்று உனக்கே தோன்றினால் வா, அது வேறு. வெள்ளிக்கிழமை கூப்பிடும்போது எத்தனை தடவை செய்தீர்கள் என்று கேட்காதே, இருபது என்றுதான் பதில் வரும். சுவிட்ச் பலகையையும் கேட்காதே. மாமாவைப் பற்றிக் கேள். மாமா என்ஜினைத் திட்டும் திட்டுகளைக் கேள், கையைத் துடைக்காமலே சோற்றில் கை வைத்து அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொள்வாரே, அதைக் கேள். அன்று அப்பா என்னிடம் சொன்னதை விட்டால், இந்த வீட்டில் அவர் பேச்சை எடுத்து மூன்று மாதத்துக்கு மேல் ஆகிறது. அம்மாவும் சொல்வதில்லை. கூடப் பிறந்த தம்பியை அவர் எங்கே வைத்துக்கொண்டிருக்கிறார் என்று எனக்குத் தெரியவில்லை. அப்பா என்னிடம் சொன்னதை அம்மாவிடம் நீ சொல்லிவிடாதே. அதை அப்பா சொல்ல வேண்டும். கை தொங்கினால்தான் அதைச் சொல்லவும் வரும் என்று நினைக்கிறேன்.

பொய்க் கோட்டை இன்று அழித்துவிட்டேன். உண்மையான கோடு ஜன்னல் கட்டைக்கு நாலு விரற்கடை கீழே இருக்கிறது. அதன் படம் வெள்ளிக்கிழமை உனக்கு வரும். நீ கட்டைவிரல் அனுப்ப வேண்டாம்.

மதியம் நடந்ததைச் சொல்லி முடித்துவிடுகிறேன். அத்தை வீட்டிலிருந்து வந்ததும் ஆணியில் மாட்டியிருந்த பெல்ட்டை எடுத்துச் சோப்புத் தண்ணீரில் ஊறப்போட்டேன். அப்பா வாசலுக்குக் கிளம்பும்போது ஆணியைத் தடவிப் பார்த்துவிட்டு, "பெல்ட்டு எங்க பாப்பா?" என்றார். "ஊறுது" என்றேன். பிறகு, "செல்வி அத்த உங்கள வெறுங்கையோட வரச் சொன்னாங்க. அந்தப் பெல்ட்டப் பாத்தா மாமா இன்னும் தொங்குற மாதிரி இருக்காம்" என்றேன். ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன், இல்லாவிட்டால் வாய் அடைத்துவிடும். அப்பா ஆணியின் மேல் வைத்த கையை எடுக்காமல் நின்றார். டீக்கடைக்குப் போகவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, நான் சொல்லாமலே மேசைக்கு வந்து, இடது கையை ஊன்றிக் குனிந்தார். கை தொங்கியது. விரல்கள் மூடியிருந்தன. கண்களும் மூடியிருந்தன. நெற்றியில் வியர்வை முத்து முத்தாக நின்றது.

நான் மேசையோரம் அவர் கைக்குக் கீழே போய்த் தரையில் உட்கார்ந்தேன். அவர் விரல்களைக் கொஞ்சம் நெகிழ்த்தி, என் மணிக்கட்டை அதற்குள் வைத்தேன். உடனே இறுகிக்கொண்டது. வலித்தது, நான் அசையவில்லை. அப்பாவின் உடம்பு மெல்ல ஆடத் தொடங்கியது. அதோடு அவர் கையும், அவர் கைக்குள் என் கையும் முன்னும் பின்னும் போய் வந்தன. எத்தனை தடவை என்று நான் எண்ணவில்லை. பிறகு என் கையை மெதுவாக உருவிக்கொண்டேன். எழுந்து போகாமல், அவர் கண்ணைத் திறக்கும் வரை, அந்தக் கைக்கு நேர் கீழே, என் முகம் தெரியும்படி உட்கார்ந்திருந்தேன்.